தேரி மணலில் ஜோதி அண்ணன்

மார்ச் 7, திங்கள்

செல்வின் வாயில் கொள்ளியைத்தான் வைக்க வேண்டும். நாளை மறுநாள் தவசு காலம் பிறக்கிறது, இப்படியெல்லாம் எழுதக் கூடாது. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

கோயிலுக்கு நூற்றைம்பது வருடம் ஆவதால் ஈஸ்டருக்கு ஒரு கல்வெட்டுத் திறக்கிறார்கள். ராணுவத்தில் உயிர் விட்ட எங்கள் சபைக்காரர்கள் பெயரெல்லாம் அதில் வரும். ஜோதி அண்ணன் பெயரைக் கொடுக்கலாம் என்று கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற சேகரக் கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன். செயலாளர் செல்வின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இறந்ததற்கு ஆதாரம் ஏதாவது உண்டா என்று கேட்டான். பின்வரிசையில் எவனோ, கொழும்பில் பேரப்பிள்ளைகளோடு இருந்தால் என்ன செய்வது என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் தொண்டையைத் தீட்டியவள்தான். கூரை பறக்கிற மாதிரி கத்திவிட்டு வந்தேன்.

அண்ணன் விமானப்படையில் பைலட். அறுபத்தெட்டாம் வருடம், ஐப்பசிப் புயல் நேரம். தன்னந்தனியாக ஒரு விமானத்தைத் தெற்கே கொண்டுவந்தான். இறக்கிவிட்டு அப்படியே லீவில் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அவனும் வரவில்லை, விமானமும் கிடைக்கவில்லை. "காணவில்லை" என்பதற்கு மேல் பட்டாளத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விசாரிக்க வந்த அதிகாரி, சிலோனில் சொந்தக்காரர்கள் உண்டா என்று கேட்டார். எங்கள் ஊரில் யாருக்குத்தான் இல்லை? பெரியப்பாவுக்குக் கொழும்பில் பலசரக்குக் கடை இருந்தது. அது போதாதா இந்த ஊருக்கு! விமானத்தோடு சிலோனுக்குப் போய்விட்டான், அங்கே ஒருத்தியை வைத்துக்கொண்டான் என்று கதை கட்டி, இன்றுவரை அதை விடவில்லை.

அப்போது அண்ணனுக்கும் லில்லி மைனிக்கும் கல்யாணமாகி எட்டு மாதம்.

வீட்டுக்கு வந்து மைனியிடம் கொதித்தேன். மைனி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "பேரு போட வேண்டாம்னு நானே செல்வின்கிட்ட சொல்லிட்டேன், எப்சி. செத்தாருன்னு யாரு கண்டா?" என்றாள். கீரையில் பாதியை வாங்கி நானும் உருவினேன்.

மார்ச் 8, செவ்வாய்

சந்தையில் பதநீர் குடித்தேன். விற்கிறவன் மொண்டு ஊற்றிய அகப்பையைப் பார்த்தால் விசித்திரமாக இருந்தது. ஈயமும் இல்லை, தகரமும் இல்லை. ஓரத்தில் வரிசையாகப் பொடிப் பொடி ஆணி அடித்திருந்தது. அடியில் பச்சைப் பெயிண்ட். இது ஏதப்பா என்று கேட்டதற்கு, "தேரியில ஏரோப்பிளேன் விழுந்துச்சுல்லா, அந்தத் தகடு" என்றான் சாதாரணமாக. எங்கே, எப்போது என்று நான் அடுத்ததைக் கேட்டதும் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். தனக்கு ஒன்றும் தெரியாது, யாரிடமோ வாங்கியது என்று சொல்லிவிட்டு அகப்பையைப் பானைக்குள் போட்டு மூடினான்.

பதநீரைச் சேலையில் கொட்டிக்கொண்டேன்.

தேரி எங்கள் ஊரிலிருந்து பன்னிரண்டு மைல்கூட இருக்காது. கடலில் விழுந்தான், சிலோனுக்குப் போனான் என்று ஊர் முழுக்கக் கடல் பக்கம் கையைக் காட்டியது. பக்கத்துச் செம்மண் காட்டை ஒருத்தரும் நினைக்கவில்லை, நான் உட்பட.

மைனியிடம் சொல்லவில்லை. கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.

மார்ச் 9, சாம்பல் புதன்

ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிக் கள்ளிவிளைக்குப் போனேன். மைனியிடம் பென்சன் விஷயமாகத் திருநெல்வேலி போவதாகச் சொன்னேன். தவசு காலத்து முதல் பொய்.

கள்ளிவிளையில்தான் தேரி ஆரம்பிக்கிறது. ஊர் முடிகிற இடத்தில் ரோடும் முடிந்துவிடும். அதற்கு மேல் குங்குமத்தைக் கொட்டின மாதிரி மணல், மேடு மேடாக, கண்ணுக்கெட்டின தூரம் வரை. நடுநடுவே பனை, முந்திரிக் கொல்லாமரம், உடைமுள். ஆடி மாதக் காற்றில் மேடெல்லாம் இடம் மாறிவிடும் என்கிறார்கள். போன வருடம் பார்த்த மேட்டை இந்த வருடம் பார்க்க முடியாதாம்.

தேரிக்குள் போகிற வண்டி இசக்கிதுரை என்பவனிடம் மட்டும் இருக்கிறது. ஒரு பழைய ஜீப். அவனுக்கு நாற்பது வயது இருக்கும். மரியாதையான ஆள். கண்ணாடி போட்ட கிழவி எல்லாம் இவர்களுக்கு டீச்சர்தான், என்னையும் டீச்சரம்மா ஆக்கிவிட்டான். டெலிபோன் என்று இரண்டு முறை சொன்னேன், ஏறவில்லை. நான் பழைய விமானங்களைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவள், இங்கே ஒன்று விழுந்ததாகக் கேள்விப்பட்டு வந்தேன் என்றேன். என் அண்ணன் ஓடிப்போனானா இல்லையா என்று பார்க்க வந்தேன் என்று ஜீப்காரனிடமா சொல்ல முடியும்?

அப்படி ஒரு பேச்சே தேரியில் கிடையாது என்றான் அவன். ஆனாலும் சுற்றிக் காட்டுகிறேன் என்று வடக்குப் பக்கம் கூட்டிப்போனான். மணல் பார்த்தேன்.

மார்ச் 10, வியாழன்

கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டது. இன்றும் மணல்தான் பார்த்தேன்.

மார்ச் 11, வெள்ளி

இன்றைக்கு மேற்கே. தேரியில் நடப்பது ஒரு தண்டனை. ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கிறது. குடையைப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறுவேன், அந்தப் பக்கம் இன்னொரு மேடு இருக்கும். ஓரிடத்தில் ஏதோ மினுங்குகிறது என்று ஓடிப்போய் விழுந்து தோண்டினால், மீன் டப்பா. இசக்கிதுரை சிரிக்கவில்லை. என்னைத் தூக்கிவிட்டு, மண்ணைத் தட்டிவிட்டு, தண்ணீர் கொடுத்தான்.

கிழக்கே ஒரு கொல்லாந்தோப்பு இருக்கிறது. அதற்கு அங்கிட்டுப் போகலாமா என்றால், தினமும் ஒரு பதில். "அங்கிட்டு ஒண்ணும் கெடையாது டீச்சரம்மா. வெறும் உடமுள்ளு. காலக் கிழிச்சிரும்." நேற்றைக்கு அந்தப் பக்கம் பாம்பு என்றான். முந்தாநாள் வண்டி இறங்காது என்றான். பாவம், என் காலைப் பற்றி என்னைவிட அவனுக்குத்தான் அக்கறை. ஆனால் அந்தத் தோப்பு வழியாக ஒற்றையடிப் பாதை ஒன்று நன்றாகவே தேய்ந்து கிடக்கிறது. ஆடு போகிற பாதை என்றான்.

வீட்டுக்கு வந்தால் மைனி என் சேலையைப் பார்த்துவிட்டு, கரையெல்லாம் சிவப்பாக இருக்கிறதே, திருநெல்வேலியில் ரோடு போடுகிறார்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வாளியில் ஊற வைத்து அவளே கசக்கிப் போட்டாள். மூன்று நாளாக என் சாப்பாட்டுப் பையில் தண்ணீர் பாட்டில் ஒன்று கூடுதலாக இருப்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

மார்ச் 13, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். செல்வின் எதிரே வந்து தோத்திரம் சொன்னான். காதில் விழாத மாதிரி வந்துவிட்டேன்.

மார்ச் 14, திங்கள்

இன்றைக்குச் சண்டை.

தோப்புக்கு அந்தப் பக்கம் போயே தீருவேன் என்றேன். இசக்கிதுரை டயரில் காற்று இல்லை என்றான். டயரை உதைத்துப் பார்த்தேன், என் கால்தான் வலித்தது. சரி, நான் நடந்து போகிறேன் என்று இறங்கிவிட்டேன். அவன் ஓடிவந்து வழியை மறித்துக்கொண்டு நின்றான். அங்கே அவர்கள் குடும்பத்துச் சாமி இருக்கிறதாம், வெளியாள் போகக் கூடாதாம். முள், பாம்பு, டயர் எல்லாம் போய்க் கடைசியில் சாமி!

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ. நான் புத்தகமும் எழுதவில்லை மண்ணாங்கட்டியும் எழுதவில்லை என்று கத்தினேன். அந்த விமானத்தில் வந்தது என் கூடப்பிறந்தவன் என்றேன். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பேரோடு என் மைனி நாற்பத்து மூன்று வருடமாக இந்த ஊரில் தலையைக் குனிந்து நடக்கிறாள், தாலியைக் கழற்றவும் முடியாமல், கழுத்தில் கிடக்கிறதே என்று சந்தோஷப்படவும் முடியாமல் இருக்கிறாள் என்றேன். அவன் செத்தான் என்று தெரிந்தால் அவள் ஒரு தரமாவது வாய்விட்டு அழுவாள், அது போதும் எனக்கு. இதைச் சொல்லும்போது நானே அழுதுவிட்டேன். வெட்கமாகப் போய்விட்டது.

இசக்கிதுரை, "ஒங்க மைனி பேரு என்ன?" என்று கேட்டான்.

"லில்லி. எதுக்கு?"

அவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளிறிப்போய்விட்டது. வெயில் தாக்கிவிட்டதோ என்று என் பாட்டிலைக் கொடுத்தேன், வாங்கவில்லை. வழக்கமாகப் பஸ் ஸ்டாப்பில் விடுகிறவன் இன்றைக்கு எங்கள் ஊர் வரை கொண்டுவந்தான். தெருவுக்குள் மட்டும் வரமாட்டேன் என்று முனையிலேயே நிறுத்திவிட்டான்.

மார்ச் 15, செவ்வாய்

இசக்கிதுரை போனை எடுக்கவில்லை.

மார்ச் 16, புதன்

இன்றைக்கும் எடுக்கவில்லை. அண்ணன் கதையைக் கேட்டதும் இவனும் ஓடிவிட்டான். மற்றவர்களாவது முகத்துக்கு நேரே சிரித்தார்கள். மைனி புளி உடைத்துக்கொண்டிருந்தாள், நானும் கூட உட்கார்ந்து கொட்டை எடுத்தேன். இந்த வாரம் திருநெல்வேலிப் பக்கம் போகவில்லையா என்று கேட்டாள். ரோடு போட்டு முடித்துவிட்டார்கள் என்றேன்.

மார்ச் 17, வியாழன்

வந்தான். கூட ஒரு வயசாளி. இசக்கிதுரையின் பெரியப்பாவாம், பெயர் வேலாண்டி. நான் வாங்க என்றும் அவர் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியிலேயே நின்றார். மைனி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

சனிக்கிழமை பங்குனி உத்திரம், எங்கள் சாமிக்குப் படைக்கிற நாள், நீங்கள் இரண்டு பேரும் வர வேண்டும் என்றான் இசக்கிதுரை. இந்த முறை டீச்சரம்மா என்று சொல்லவில்லை. நாங்கள் வேதக்காரர்கள், உங்கள் சாமிக்கும் எங்களுக்கும் என்ன என்று ஆரம்பித்தேன். மைனி குறுக்கே வந்து, "வாறோம்" என்றாள்.

அவர்கள் போனபிறகு, உங்களுக்கு என்ன தெரியும் மைனி என்று கேட்டேன். "சேலையில அம்புட்டுச் செம்மண்ணு ஒட்டணும்னா தேரிய விட்டா எங்க இருக்கு? பேசாமப் படு" என்றாள்.

மார்ச் 19, சனி. பங்குனி உத்திரம்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். கை ஒத்துழைக்கிற வரை எழுதுகிறேன்.

அந்த ஒற்றையடிப் பாதையில்தான் போனோம். முள்ளும் கிடையாது, பாம்பும் கிடையாது. தோப்பைத் தாண்டினால் ஒரு பள்ளம், அதில் நாலு பனைக்கு நடுவே சுண்ணாம்பு அடித்த பீடம், மேலே நாலு கம்பு நட்டு ஒரு கூரை. ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். நாலு குடும்பம்தானாம், பிள்ளைகுட்டிகளோடு பெருகிவிட்டார்கள். கல் அடுப்பில் பதநீரில் பச்சரிசி வெந்துகொண்டிருந்தது.

எனக்குக் கண் கூரைக்குத்தான் போனது. ஓலை இல்லை, கீற்று இல்லை, ஒரே நீளத் தகடு. புகை படிந்து கறுத்திருந்தது. ஓரத்தில் அந்தப் பொடி ஆணிகள். கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். தலைகீழாக எழுத்தும் எண்ணும் தெரிந்தன. எக்ஸ்சேஞ்சில் ஆயிரம் நம்பர்களை மனப்பாடமாக வைத்திருந்தவள் நான். இந்த நம்பர் அதற்கெல்லாம் முன்னாலேயே மண்டையில் ஏறியது. விசாரிக்க வந்த அதிகாரி திரும்பத் திரும்பச் சொன்ன நம்பர். "மைனி, அண்ணன் பிளேன்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து அடுப்புப் பக்கமிருந்து யாரோ, "ஏட்டி லில்லி, பட்டை எடுத்துட்டு வா" என்று கூப்பிட்டார்கள். மைனி சட்டென்று திரும்பினாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. ஓலைப் பட்டைகளைத் தூக்கிக்கொண்டு போனது வேறொருத்தி, முப்பது வயதுப் பெண். கொஞ்ச நேரத்தில், தண்ணீர் கொண்டுவந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளையையும் லில்லி என்றார்கள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த நாற்பது வயது இளநரைக்காரியும் லில்லி. மைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேலாண்டி எங்களை நிழலில் உட்கார வைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே சொன்னார். மதுவிலக்குக் காலத்தில் இந்த நாலு குடும்பமும் தேரிக்குள் சாராயம் காய்ச்சிப் பிழைத்திருக்கிறது. புயல் ராத்திரி பெரிய சத்தம் கேட்டதாம். விடிந்ததும் பானைகளுக்கு என்ன ஆனதோ என்று வேலாண்டியும் இன்னும் மூன்று பேரும் ஓடிவந்திருக்கிறார்கள். விமானம் மூக்கு மணலில் புதைந்து நின்றது. அண்ணன் வெளியே தவழ்ந்து வந்து பனைமூட்டில் சாய்ந்து கிடந்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாத மாதிரி நசுங்கிப்போயிருந்தது. உயிர் இருந்தது.

தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தான். ஊர் பெயரைச் சொன்னான், மனைவி பெயரைச் சொன்னான். வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று வேலாண்டி சொல்லியிருக்கிறார். போலீஸ் வந்தால் பானையெல்லாம் போகும், நாலு வீட்டு ஆம்பிளைகளும் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நின்று பேசியிருக்கிறார்கள். "நாங்க பேசி முடிக்கதுக்குள்ள போயிட்டாரும்மா" என்றார். அங்கேயே புதைத்துவிட்டார்கள். விமானத்தின் குழாய்களைப் பானைக்கு எடுத்தார்கள், மிச்சத்தை ஆடிக் காற்று மூடிவிட்டது.

அந்த வருடமே பயம் பிடித்துக்கொண்டது. அநியாயமாகச் செத்தவர், அவர் சொன்ன சேதியை வீட்டில் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு நாம் செய்யவில்லை, சும்மா விடமாட்டார் என்று பீடம் போட்டார்கள். பிளேன்மாடன் என்று பேரும் வைத்தார்கள். முதல் உத்திரத்துக்கு, காய்ச்சின சரக்கில் முதல் குப்பியை வைத்தார்களாம். அன்றைக்கே பானை வெடித்து ஒருவனுக்கு முகம் வெந்துபோனது. சாமி குடிக்காது என்று புரிந்துகொண்டு பதநீருக்கு மாறினார்கள், அதற்கப்புறம் அந்தத் தொழிலையே விட்டுவிட்டார்கள். எங்கள் அப்பா சபையில் பிரசங்கம் பண்ணுகிற உபதேசியார், குடி என்றாலே ஆகாது. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்தும் அண்ணன் உபதேசியார் மகனாகத்தான் இருந்திருக்கிறான்.

சாமி கடைசியாகச் சொன்ன பெயர் என்பதால் எல்லார் வீட்டிலும் மூத்த பெண்ணுக்கு லில்லி என்றுதான் பெயர். ஒவ்வொரு உத்திரத்துக்கும் பீடத்துக்கு முன்னால் நின்று, அடுத்த வருடம் கட்டாயம் சொல்லிவிடுகிறோம் சாமி என்று சத்தியம் செய்வார்களாம். வேலாண்டி வருடா வருடம் சந்தைக்கு வருகிற சாக்கில் எங்கள் தெரு முனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்.

நான் எழுந்துவிட்டேன். உங்களையெல்லாம் உள்ளே தள்ளாமல் விடமாட்டேன் என்று கத்தினேன். மேடையில் தூக்கி வைத்துக் கும்பிட்டால் சரியாகிவிடுமா, அவள் வயதைத் திருப்பிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ. மைனிதான் என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

பிறகு வேலாண்டியைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டாள். "தெரு முனையில நின்னா எங்க வாசல் தெரியும்லா, ஐயா?"

"தெரியும்மா."

"நான் வாசல்லதான் இருப்பேன்."

வேலாண்டி நெடுஞ்சாண்கிடையாக மணலில் விழுந்தார். மைனி காலை நகர்த்திக்கொண்டாள். எழுந்திருங்கள் என்று சொல்லவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. அவர் தானாக எழுந்து உட்காருகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லுதோம்னு சத்தியம் பண்ணுனீங்கள்லா. இப்பச் சொல்லுங்க. அவுக என்ன சொன்னாக?"

கிழவர் வாயைத் துடைத்துக்கொண்டார். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி, பீடத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "'லில்லிகிட்டச் சொல்லிருங்க. எனக்காகக் காத்துக் கெடக்க வேண்டாம். சாப்பிட்டுட்டுப் படுக்கச் சொல்லுங்க'ன்னாரு. அம்புட்டுத்தாம்மா."

அண்ணன் லீவில் வந்தால் ஊரெல்லாம் சுற்றிவிட்டு எப்போது வருவான் என்று சொல்ல முடியாது. அவன் வந்தால்தான் மைனி சாப்பிடுவாள். அதற்காகவே அவளைத் திட்டுவான். அந்தப் புயல் ராத்திரியும் மைனி கோழிக் குழம்பு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். ரெண்டு நாள் கழித்து அதை நான்தான் கொண்டுபோய்க் கொட்டினேன்.

மைனி அழுதாள். வாயைப் பொத்திக்கொள்ளவில்லை, முகத்தை மூடவில்லை. தேரி முழுக்கக் கேட்டிருக்கும். அந்தப் பெண்கள் எல்லாரும், எல்லா லில்லிகளும், சுற்றி வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தரும் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன்.

அண்ணனைத் தோண்டி எடுத்து நம் கல்லறைத் தோட்டத்தில் அம்மா பக்கத்தில் வைக்க வேண்டும் என்று மெல்லச் சொன்னேன். "பாப்போம். இன்னைக்கு வேண்டாம்" என்றாள்.

படையல் முடிந்து பந்தி போட்டார்கள். பதநீர்ப் பொங்கலும் கோழிக் கறியும். படைத்ததை நாங்கள் தொடுவதில்லை. பக்கத்து வீட்டில் சாமிக்குக் கொடை கழித்துக் கொண்டுவருகிற பொங்கலைக்கூட வாங்கி வைத்துவிட்டு, அவர்கள் போனபிறகு மாட்டுக்கு வைப்போம். அப்பா அதில் அவ்வளவு கண்டிப்பு. மைனி அப்பாவை விடக் கண்டிப்பு. இது இசக்கிதுரைக்கும் தெரியும் போலிருக்கிறது. எங்களுக்கென்று தனியாக இரண்டு இளநீர் வெட்டிக் கொண்டுவந்தான்.

மைனி இளநீரைத் தள்ளி வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்து பட்டையை விரித்துப் பிடித்தாள். நான் பதறிப்போய், மைனி, அது படைத்தது என்றேன்.

"சாப்பிடச் சொல்லிருக்காக, எப்சி. சோத்தப் போடச் சொல்லு" என்றாள்.

அந்த இளநரை லில்லிதான் பரிமாறினாள். மைனி ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. இரண்டாம் தரமும் வாங்கினாள். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மார்ச் 20, ஞாயிறு

ஆராதனைக்கு இரண்டாம் மணியும் அடித்தாயிற்று. மைனி இன்னும் தூங்குகிறாள். எழுப்பவில்லை.